ஃபார்மேட் வேண்டாம், டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா நடத்திய ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடையை இப்போது அவர் பார்த்துக்கொள்கிறார். கடையில் இருப்பது 2012-இல் வாங்கிய டெஸ்க்டாப். இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. காலையில் ஆன் செய்தால் முதல் பிரிண்ட் எடுக்கப் பதினைந்து நிமிடம் ஆகிறதாம். குரோமில் பாதி தளங்கள் திறக்கவில்லை. 500 ரூபாய் கொடுத்தால் ஃபார்மேட் அடித்து விண்டோஸ் 11 போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். 'நானே போட்டுக்கொள்ள முடியுமா? அப்பா பத்து வருடமாக பாமினி ஃபான்டில் அடித்து வைத்த பத்திரங்கள், மனுக்கள் எல்லாம் என்ன ஆகும்?' இதுதான் கேள்வி.

நீங்களே போடலாம் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். ஆனால் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் அடிக்காதீர்கள். புதிதாக ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி அதில் விண்டோஸ் போடுங்கள். பழையதைக் கழற்றி, துணியில் சுற்றி, தேதி எழுதி பீரோவில் வையுங்கள். இந்த ஒன்றைச் செய்துவிட்டால் மற்ற எதில் தப்பு நடந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், நான் பட்டவன். கிருஷ்ணகிரியில் பதினெட்டு வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். 2013 ஜூன் மாதம், மாம்பழ சீசன் உச்சத்தில், ஒரு மண்டியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். உள்ளே ஒரே கம்பெனியின் 500 ஜிபி டிஸ்க் இரண்டு. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் மண்டிக் கணக்கு. இன்ஸ்டால் திரையில் இரண்டும் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று ஒரே அளவில் வந்து நின்றன, இரண்டும் 465 ஜிபி சொச்சம். வெளியே லாரி ஹாரன் அடிக்கிறது, முதலாளி தலைமேல் நிற்கிறார். நான் டிஸ்க் 0 தான் விண்டோஸ் என்று நினைத்து அதன் எல்லா பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் பிரிவுகளை) டெலீட் செய்தேன். அது கணக்கு டிஸ்க். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டதில் கோப்புகள் கொஞ்சம் வந்தன, ஆனால் பெயர் இல்லாமல், வெறும் எண்களாக. அப்புறம் மூன்று இரவு உட்கார்ந்து சிட்டையைப் பார்த்து நானே கணக்கை மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்தப் பெட்டியாக இருந்தாலும், புது விண்டோஸ் போகவேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் பிடுங்கிவிட்டுத்தான் பவரே போடுவேன்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பதினைந்து நிமிடம் தாமதம் என்பது பெரும்பாலும் விண்டோஸின் கோளாறாக இருக்காது. பத்து வருடத்துக்கு மேல் சுழன்ற டிஸ்க்கின் கோளாறு. சோதித்துப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. அதைத் திறந்ததும் டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தில் காட்டும். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை, கெட்டுப்போன செக்டர்களை (தட்டின் சிறு பகுதிகளை) டிஸ்க் தானே ஒதுக்கி வைக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பெட்டியில் காது வைத்தால் 'டக்... டக்' என்று இடைவெளி விட்டு ஒரு சத்தம் கேட்டாலும் அதே கதைதான். அந்த டிஸ்க்கில் ஃபார்மேட் அடித்து எந்த விண்டோஸைப் போட்டாலும் ஒரு மாதம் பறக்கும், அப்புறம் பழையபடி தவழும். 500 ரூபாய்க்காரர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

மஞ்சள் காட்டினால் முதல் வேலை முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவுக்கோ வெளி டிஸ்க்குக்கோ நகல் எடுப்பது. விண்டோஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாகப்போகிற டிஸ்க்கைக் கழற்றி வைத்தால் மட்டும் அது பிழைத்துவிடாது.

நகல் எடுக்கும்போது எல்லோரும் டெஸ்க்டாப்பையும் மை டாக்குமென்ட்ஸையும் எடுப்பார்கள். ஜாப் டைப்பிங் கடையில் அதைவிட முக்கியமானது ஃபான்ட். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை முழுதாக எடுத்துவிடுங்கள். யூனிகோட் என்பது எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழைத் தமிழாகவே பதியும் பொது முறை. பாமினி அந்த வகை ஃபான்ட் இல்லை. நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான் கிடக்கின்றன. அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுவது அந்த ஃபான்ட் கோப்பு. அது இல்லாத கணினியில் திறந்தால் அப்பா அடித்த கிரயப் பத்திரம் முழுவதும் புரியாத ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து அழித்தவர்களையே பார்த்திருக்கிறேன். ஃபான்டைத் திரும்ப நிறுவினால் எல்லாம் வந்துவிடும். ஒரே பெயரில் கொஞ்சம் வித்தியாசமான பாமினிகள் ஊருக்குள் உலவுவதால், இணையத்தில் எடுத்தது சில எழுத்தில் மாறி வரலாம். உங்கள் கணினியில் இருக்கிற அதே கோப்புதான் வேண்டும். வானவில் ஃபான்ட் வைத்திருந்தால் அதற்கும் இதே விதி.

இந்தச் சாக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. அடிக்கடி பயன்படும் மாதிரிப் படிவங்களை மட்டுமாவது மாற்றி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாடிக்கையாளர் போனில் தமிழாகவே தெரியும்.

டேலி கணக்கு மென்பொருள் இருந்தால் அதன் டேட்டா ஃபோல்டரை எடுப்பதோடு, பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள் (அதாவது டேலியிடம் திருப்பி ஒப்படைத்துவிடுங்கள்). இல்லையென்றால் புது விண்டோஸில் டேலி 'இந்த லைசென்ஸ் வேறு இடத்தில் இருக்கிறது' என்று முறைக்கும், அப்புறம் ரீசெட்டுக்கு அலைய வேண்டும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஸ்கேன் செய்து வைத்த ஃபோல்டர் இருக்கும் இடம், பிரிண்டர் மாடல் எண், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, எந்த விண்டோஸ்?

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் கொடுத்தது 2020 ஜனவரி 14 வரைதான். குரோம் அதிலே 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2023-இலிருந்து புதியது கிடையாது. உங்களுக்குத் தளங்கள் திறக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணத்தையும் பாருங்கள். கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போகிறதா? போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது செத்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும், உடனே பாதுகாப்பான தளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும். வாட்ச் கடையில் கிடைக்கிற அந்த பேட்டரியை மாற்றியதிலேயே 'விண்டோஸ் போச்சு' என்று வந்த பல கணினிகள் சரியாகித் திரும்பிப் போயிருக்கின்றன.

விண்டோஸ் 11 உங்கள் பெட்டிக்குரியது இல்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. அந்தச் சோதனையைத் தாண்டிக் குதிக்க ரூஃபஸ் என்ற கருவியில் வழி இருக்கிறது. உங்கள் ஐ3-இல் ஓடவும் ஓடும். இதைவிடப் பழைய கோர் 2 டுவோ பிராசஸரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது, அந்த பிராசஸரில் அதற்குத் தேவையான கட்டளைகள் சில இல்லை. ஆனால் ஓடுவது வேறு, கடைக்கு ஆவது வேறு. இப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் கட்டாயம் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. என்றைக்கோ ஒரு நாள் கடையில் கூட்டம் நிற்கும்போது அது மக்கர் செய்தால் யாரைக் கேட்பீர்கள்? 500 ரூபாய்க்குள் லைசென்ஸ் வராது என்பது உங்களுக்கே தெரியும், ஆக்டிவேட் செய்யக் கிராக் (லைசென்ஸ் பூட்டை உடைக்கும் திருட்டு மென்பொருள்) போடுவார்கள். அந்தக் கிராக்கை ஓட்ட முதலில் விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபென்டரை அணைக்கச் சொல்வார்கள். வருகிறவர்களின் ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் ஆகிற இடம் உங்கள் கடை. பூட்டை உடைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வைப்பது போலத்தான் அது.

மிஞ்சியது விண்டோஸ் 10, அல்லது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதில் சேர மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். லைசென்ஸ் விஷயத்தில், இதே போர்டில் எப்போதாவது விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் அது போர்டோடு பதிவாகியிருக்கும். சாவி கேட்கும் இடத்தில் 'என்னிடம் சாவி இல்லை' என்று கொடுத்து அதே பதிப்பைப் போட்டால், இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். பெட்டியில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் சாவியை 10-க்குப் பயன்படுத்தும் வழியை 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டார்கள். அதை நம்பி இறங்காதீர்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. உங்களுக்கு மின்ட் என்ற வகை, அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 22-ஆம் வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு, காசு கிடையாது, இந்த ஐ3-இல் மெத்தென்று ஓடும். தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. பாமினி கோப்பைக்கூட ஃபான்டை நிறுவிவிட்டு லிப்ரே ஆபீஸில் (வேர்டு போன்ற இலவச மென்பொருள்) திறக்கலாம். வீட்டில் பிள்ளைகள் படிக்கிற கணினி என்றால் யோசிக்காமல் இதைப் போடுங்கள் என்பேன். கடைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நம் பக்கத்து டைப்பிங் கடைகள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7-ஐ இன்னும் விடவில்லை. அது 2001-இல் வந்தது, அதற்குப் பிறகு பேஜ்மேக்கரில் எட்டு என்று ஒன்று வரவே இல்லை. அது விண்டோஸுக்கான மென்பொருள். பிரிண்டர் பக்கம் பார்த்தால், ஊருக்கு ஊர் இருக்கும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் படுத்தும் பாட்டை எழுதினால் தனிக் கட்டுரையே ஆகும். ஹெச்பி 1020 கூடுதல் பிளகின் போட்டால் ஒத்துழைக்கும். உங்களிடம் எது இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

ஆகவே என் யோசனை இது. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 போடுங்கள், ஆனால் 60 ஜிபி இடத்தை ஒதுக்காமல் காலியாக விடுங்கள். பேஜ்மேக்கரும் பிரிண்டரும் விண்டோஸில் இருக்கட்டும். பின்னொரு நாள் அந்த 60 ஜிபியில் மின்ட் போட்டு, வங்கி, இணைய வேலைகளை அங்கே கொண்டுபோகலாம். இதுவும் தற்காலிக ஏற்பாடுதான். பெங்களூர் ஐடி கம்பெனிகள் கழித்துவிடும் டெஸ்க்டாப்புகள் ஓசூர் வழியாக நம் பக்கம் வந்துகொண்டே இருக்கின்றன. எட்டாம் தலைமுறைப் பெட்டி நல்ல விலைக்கு அமைந்தால் அன்றைக்கு மாறிக்கொள்ளுங்கள், எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம், வீணாகாது.

வாங்கவேண்டியது கொஞ்சம்தான். எஸ்எஸ்டி 240 அல்லது 256 ஜிபி, இரண்டரை அங்குல சாட்டா வகை (பழைய டிஸ்க் போலவே கேபிளில் போர்டோடு இணைவது). கடைக்காரர் 'என்விஎம்இ இதைவிட வேகம்' என்று நீட்டினால் வாங்காதீர்கள், உங்கள் எச்61 போர்டில் அதைச் செருக இடமே இல்லை. போர்டின் சாட்டாவும் பழைய தலைமுறைதான், எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது. இருந்தாலும் பழைய டிஸ்க்கில் இருந்து மாறியவருக்கு அது தெரியாது. ஹார்ட் டிஸ்க் தாமதமாவது ஊசி போல ஒரு முனை தட்டுக்கு மேல் இங்குமங்கும் ஓடித் தேடுவதால். எஸ்எஸ்டியில் ஓட எதுவும் இல்லை. எஸ்எஸ்டியை மட்டும் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். ராம் பழையது போதும், டிடிஆர்3 இன்னொரு 4 ஜிபி. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் பெங்களூர் எஸ்பி ரோட்டுக்கு யாராவது போனால் சொல்லி அனுப்புங்கள். ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று ஒரு மலிவு ராம் விற்பார்கள், அது இன்டெல் போர்டில் வேலை செய்யாது, கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு சிஆர்2032 பேட்டரி. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் (பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் பாகம்) சாட்டா பவர் முனை மிச்சம் இல்லையென்றால் அதற்கு ஒரு கன்வர்ட்டர் கேபிள். 8 ஜிபிக்குக் குறையாத ஒரு பென்டிரைவ், அதில் இருப்பது எல்லாம் அழியும்.

பென்டிரைவ் தயாரிக்க மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் கிடைக்கும். இதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. 'இந்தக் கணினிக்குப் பரிந்துரைக்கப்பட்டவை' என்ற டிக் முதலிலேயே போட்டிருக்கும். உங்களுடையது 32 பிட் விண்டோஸ் என்பதால் அது 32 பிட்டையே எடுத்துவிடும். டிக்கை எடுத்துவிட்டு 64 பிட் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் 8 ஜிபி ராம் போட்டும் மூன்றரை ஜிபிகூட முழுதாகப் பயன்படாது. இறங்கவேண்டியது 4 ஜிபிக்கு மேல். தினம் ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கில் முயன்றால் மூன்று நாள் ஆகும், ஃபைபர் இருக்கிற நண்பர் வீட்டில் உட்காருங்கள். அப்படியே உங்கள் போர்டு மாடலுக்கான நெட்வொர்க் டிரைவரையும் (அந்தப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) பிரிண்டரின் 64 பிட் டிரைவரையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் போகும் நேரம் தெரிந்து காலையில் ஆரம்பியுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் இன்ஸ்டாலை மறுபடி முதலிலிருந்து செய்துகொள்ளலாம், ஒன்றும் ஆகிவிடாது. பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டை மட்டும் தொடாதீர்கள். அது பாதியில் நின்றால் போர்டே போய்விடும், உங்களுக்கு அது தேவையும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை வெளியே திண்ணைக்குக் கொண்டுபோய்த் திறங்கள். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. (பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறை கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ளே சிமென்ட் பூசிய மாதிரி இருந்தது. அதற்கு விண்டோஸ் எதுவும் தேவைப்படவில்லை, பிரஷ்தான் தேவைப்பட்டது.) ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள். பேட்டரியை மாற்றுங்கள். பழைய டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் எடுத்து அதே கேபிள்களை எஸ்எஸ்டியில் மாட்டுங்கள். எஸ்எஸ்டியைத் திருக இடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், உள்ளே அசையும் பாகம் இல்லை, டபுள் டேப்பில் ஒட்டினாலும் போதும்.

ஆன் செய்ததும் பயாஸுக்குள் போங்கள், பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப் 2. பேட்டரி மாற்றியதால் தேதியைச் சரிசெய்யுங்கள். டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையைக் காட்டும் சாட்டா மோட் என்ற இடத்தில் ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ ஆக்குங்கள். மாற்றுவதற்கு முன் திரையைப் போனில் படம் பிடியுங்கள். என்றைக்காவது பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி விண்டோஸ் 7-ஐ எழுப்ப நேர்ந்தால், இந்த மாற்றத்தால் அது நீலத் திரையில் விழும். பழையபடி ஐடிஇ ஆக்கினால் எழுந்துகொள்ளும்.

பென்டிரைவைப் பின்பக்க போர்ட்டில் செருகி, பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே ஆன் செய்யுங்கள். ஜிகாபைட், டெல், லெனோவா என்றால் எஃப் 12, ஏசுஸ் போர்டு எஃப் 8, ஹெச்பி எஃப் 9, இன்டெல் போர்டு எஃப் 10. பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வகை) என்று இருக்கும். இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் இருப்பதை எடுங்கள். காலி எஸ்எஸ்டி என்பதால் இரண்டும் ஒத்துக்கொள்ளும். ஏற்கெனவே பார்ட்டிஷன் உள்ள டிஸ்க்கில்தான் 'எம்பிஆர்', 'ஜிபிடி' (டிஸ்க்கைப் பிரித்துப் பதியும் பழைய, புதிய முறைகள்) என்று சண்டை வரும். அப்படி வந்தால் ரீஸ்டார்ட் செய்து மற்ற வழியில் நுழைந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது எனக்குக் கணக்கு டிஸ்க்கை விழுங்கிய அதே திரை. இப்போது அதில் பென்டிரைவைத் தவிர எஸ்எஸ்டிக்கான ஒரே ஒரு வரிதான் இருக்கும்: ஒதுக்காத இடம். தப்பாகத் தேர்ந்தெடுக்க வேறு ஹார்ட் டிஸ்க் இல்லை. 'நியூ' அழுத்தி, மொத்த அளவில் 60 ஜிபி குறைத்துக் கொடுத்துத் தொடருங்கள். இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பலர் அங்கேதான் பயந்து போன் செய்கிறார்கள். இணையம் கேட்டால் 'இல்லை' என்று சொல்லி உள்ளூர்க் கணக்கில் முடியுங்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

டெஸ்க்டாப் வந்த பிறகு நெட்வொர்க் டிரைவர். அது சரிவராவிட்டால் ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், டிரைவர் எதுவும் கேட்காமல் இணையம் வந்துவிடும், விட்டுப்போன டிரைவர்களை விண்டோஸே தேடி இறக்கும். அன்றைய டேட்டா முழுவதும் அதற்கே போகும். அப்புறம் ஃபான்ட்கள். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நிறுவாமல், தமிழ் ஃபான்ட்களை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். அப்பாவின் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து முதல் பத்தியை வாசித்துப் பாருங்கள், ஸ்ரீயும் க்ஷவும் சரியாக வருகிறதா என்று குறிப்பாக. பேஜ்மேக்கரின் பழைய இன்ஸ்டாலர் 16 பிட்டாக இருந்தால் 64 பிட் விண்டோஸில் திறக்காது. ஓடுகிற சிடி இருக்கிறதா என்று இப்போதே, பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்பே பாருங்கள்.

பழைய டிஸ்க்கில் விட்டுப்போனதை எடுக்க வேண்டுமென்றால் அதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டிக்கொள்ளலாம். யுஎஸ்பி வழியாகப் பார்க்க நினைத்தால் தனி பவர் அடாப்டர் உள்ள கேபிள் வாங்குங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், லேப்டாப் டிஸ்க்குக்கான மலிவு கேபிளில் அது சுற்றாது. பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லும், 'தொடர்' கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள், கோப்புகள் அதிகம் என்றால் நேரம் எடுக்கும். ஆறு மாதம் யாரும் எதையும் தேடி வராவிட்டால், டிஸ்க் நீலமாக இருந்தது என்றால் துடைத்து நகல் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் உள்ளே வாடிக்கையாளர்களின் ஆதார் இருப்பதை மறந்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போடுங்கள்.

எல்பிபி 2900-ஆக இருந்தால் மட்டும், டிரைவர் நிறுவும்போது அது கேட்கும்வரை பிரிண்டர் கேபிளைச் செருகாதீர்கள். முன்கூட்டிச் செருகினால் விண்டோஸ் அதைத் தெரியாத சாதனம் என்று பதிந்துகொண்டு அடம்பிடிக்கும். வேறு மாடல் என்றால் எண்ணை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.